இடிமடத்துக் குரல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் தொடங்கிச் சர்க்கரையில் முடியும். போன வாரம் அதுவும் தீர்ந்துபோய், மின்சாரம் வேறு போய், உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீ குற்றாலத்துப் பக்கம்தானே, பேய் கீய் பார்த்திருக்கியா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் பல்செட் தெரியச் சிரித்துவைத்தேன். பார்த்ததில்லை என்று சொன்னது நிஜம்தான். கேட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் வாய்க்குள் வைத்திருந்ததை மின்விசிறி நின்ற பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் கடைசியில் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மேலகரத்தில், வயல் பக்கம் இறங்கும் தெருவில் கடைசி வீடு. புறவாசலைத் திறந்தால் நாலு தென்னை, அப்புறம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இடிமடம். எட்டுக் கல்தூண்கள், மேலே பாவிய கல்லில் பாதி கீழே விழுந்து கிடக்கும். ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கல்தொட்டி. பாண்டிய ராஜாக்கள் காலத்தில் நாற்பது துறவிகள் இருந்த மடமாம். குற்றாலத்துக்கும், அதைத் தாண்டி மலையாளத்துக்கும் நடந்து போகிறவர்களுக்கு அங்கே சோறு போட்டார்களாம். வடித்த சோற்றைக் கொட்டி வைக்கத்தான் அந்தத் தொட்டி. சாரல் காலத்தில் அதில் மழைத்தண்ணீர் நின்று இலை அழுகும். பக்கத்தில் போனால் பழைய சோற்று நீச்சுத் தண்ணீர்ப் பானையின் வாடை அடிக்கும். பேய் உலை வைத்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடி வருவோம்.

அந்தப் பேயின் கதையைச் சொன்னவள் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து, அப்பாவையும் சித்தப்பாவையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"பஞ்ச காலம்ட்டி அது," என்று தொடங்குவாள். "ஊரே கெழங்கு தோண்டித் திங்குது. மடத்துலயும் சோறு கொறஞ்சு போச்சி. மடத்துத் தலைவன் என்ன செஞ்சான், உச்சிக்குக் கதவச் சாத்திட்டு உள்ள இருக்கவனுவளுக்கு மட்டும் எலையப் போட்டான். பிச்சைக்குப் போன சின்னச் சாமியாரு ஒருத்தன் அப்பதான் நடந்து வாரான். கதவத் தட்டக்கூடத் தெம்பு இல்ல. ஒரு தரம் கூப்புட்டான். ரெண்டு தரம் கூப்புட்டான். உள்ள எல்லாவனும் காது கேக்காத மாரி சோத்தப் பெசையுதான். மூணாந் தரம் கூப்புட அவனுக்கு உசுரு இல்ல. அன்னையிலருந்து உச்சிக்கு உச்சி வெளிய வந்து கூப்புடுதான். ரெண்டே ரெண்டு தரம். ஏன்னு கேட்டியோ, ஒன் எலையில வந்து உக்காந்துருவான்."

அவன் தன் குரலில் கூப்பிடமாட்டானாம். நாம் யாரை நினைத்து ஏங்குகிறோமோ அவர்கள் குரலில் கூப்பிடுவானாம். முதல் குரலுக்கே பதில் சொன்ன ஒரு வண்டிக்காரருக்கு அன்று முதல் வாயில் வைத்த சோறெல்லாம் மணலாகக் கரகரத்ததாம். மூன்று மாதத்தில் எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தாராம்.

அதனால் எங்கள் தெருவில் உச்சிப்பொழுதுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளியே இருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் ஏன் என்று கேட்போம். தெருக்காரர்களுக்கு இது பழக்கம். மூன்று தரம் அடுக்கிக் கூப்பிட்டுவிட்டு நிற்பார்கள். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் வாசலுக்கு வாசல் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தெருவில் ஒருத்தரும் இல்லை என்று கடிதங்களைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தோம்.

பயப்படாதவள் மோர்க்காரி ஒருத்திதான். தினமும் மடத்தின் வழியாகத்தான் வருவாள். தொட்டி ஓரத்தில் ஒரு குழிவில் ஓர் அகப்பை மோரை ஊற்றிவிட்டு வருவாள். "பசிச்சவன்தான கூப்புடுதான், அதுக்கு எதுக்கு ஆச்சி கதவச் சாத்துதிய?" என்று அத்தையிடமே கேட்பாள். அவள் போனபிறகு அத்தை, "அவளுக்கென்ன பயம், அவளக் கண்டாத்தான் பேயி பயப்படணும்," என்பாள்.

நான் சொல்ல வந்தது பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போன மறு வருஷத்துச் சாரலைப் பற்றி. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பட்டாளத்தில் லாரி ஓட்டினார். பர்மாவில் இருந்தார். கடிதம் நின்றுபோய்ப் பல மாதம் கழித்துச் சர்க்காரிலிருந்து ஒரு காகிதம் வந்தது. செத்துப்போனார் என்று அதில் இல்லை. காணவில்லை என்று இருந்தது. அப்பா அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "வருவான்," என்றார். அவ்வளவுதான்.

சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். வீட்டில் அவள் சுமங்கலியா இல்லையா என்பது அந்த ஒரு காகிதத்தில் தொங்கியது. தெருப் பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வீட்டுக்கு வெளியே நின்று தயங்கினார்கள். சித்தி பொட்டைச் சின்னதாக வைத்துக்கொள்ளப் பழகினாள். நான் அவளோடுதான் படுப்பேன். தூக்கத்தில் அவள் கை தாலியைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். அண்ணனும் அக்காளும் இருக்கிற வீட்டில் ஒருவன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான். சித்தப்பா என்னைத்தான் கூப்பிடுவார். "ஏ... குருவி!" என்று புறவாசலில் குரல் கேட்டால் நான் போக வேண்டியதில்லை, சித்தி போவாள். ஒரு தடவை விவரம் புரியாமல் நான் ஓடிப்போய் நின்றேன். அவர் கையில் பூப்பொட்டலம். என் தலையில் அதை வைத்துவிட்டு, "ஏட்டி, போயி ஒன் சித்திட்ட காமி," என்றார். அவரைத் தவிர யாரும் என்னைக் குருவி என்று கூப்பிட்டதில்லை.

கடைசி லீவில் ஒரு வெள்ளை எனாமல் குவளை கொண்டு வந்திருந்தார். நீல விளிம்பு. காபி ஊற்றினால் கைப்பிடி சுடுகிறது என்றார். சித்தி அன்றைக்கே சிவப்பு நூலை எடுத்துக் கைப்பிடி முழுக்க நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தாள். பட்டாளத்தில் பார்த்தவர்கள் எல்லாம் கேலி செய்கிறார்கள் என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை அப்பாதான் சத்தமாகப் படித்தார். சித்தி அடுக்களைக்குள் நின்று கேட்டாள்.

ஆடிக் கார்த்திகை வந்தது. பண்பொழிக்குப் போய்த் திருமலைக் குமரனிடம் சித்தப்பாவுக்காக வேண்டிக்கொள்ள அத்தையும் அப்பாவும் வண்டி கட்டினார்கள். வழக்கமாக வீடே திரண்டு போகிற நாள். அம்மா பிரசவத்துக்கு ராயகிரி போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எனக்குத் துணையாகச் சித்தி நின்றுவிட்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தபிறகும் அத்தை தலையை நீட்டிச் சொன்னாள்: "ஏட்டி, பொட்டச்சிய ரெண்டு பேரும் தனியா இருக்கிய. உச்சிக்கு எவன் கூப்புட்டாலும் மூணாங் கொரலு கேக்காம வாயத் தொறக்கப்புடாது. கேட்டியா?"

"சரி மயினி," என்றாள் சித்தி.

சாரல் பூமாதிரி தூவிக்கொண்டிருந்தது. வெயிலே இல்லாததால் உச்சி ஆனதே தெரியவில்லை. சித்தி அடுக்களையில் காணத்துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். வறுத்த கொள்ளும் பூண்டும் மணத்தன. நான் புறவாசலை ஒட்டிய அறையில் பாயில் கிடந்தேன். கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஏ... குருவி."

குரல் கம்மிப்போய்க் கரகரத்தது. ஆனால் அந்த 'ஏ'யை இழுத்த இழுப்பு எனக்குத் தெரியும். அடுக்களையில் அம்மி நின்றது. நான் எழுந்து உட்கார்ந்தேன். நாம் யாரை நினைத்து ஏங்குகிறோமோ அவர்கள் குரலில்தான் அது கூப்பிடும் என்பது நினைவுக்கு வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"குருவி."

இந்த முறை இழுப்புக்கூட இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், என் தலை உயரத்தில் கேட்டது. நின்று கூப்பிடுகிற மனுஷனின் குரல் அங்கே வராது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, ஒன்பது வயதில், பேய் குனிந்து சாவித்துவாரத்தில் வாய் வைத்துக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். வாயைத் திறந்துவிட்டேன். சத்தத்தைத் தொண்டையிலேயே பிடித்துக்கொண்டு மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தேன். சித்தப்பாவாக இருந்தால் மூன்றாவது தரம் கூப்பிடுவாரே, இதே வீட்டில் வளர்ந்தவருக்கு வழக்கம் தெரியாதா?

மூன்றாவது குரல் வரவில்லை.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து அம்மி மறுபடி ஓடத் தொடங்கியது. முன்னைவிட வேகமாக, கல்லோடு கல் உரசுகிற மாதிரி. அன்று துவையல் களிம்பாக அரைந்துபோயிருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாயில் சோறு மணலாகக் கரகரத்தது. பதில் சொன்னவனுக்குத்தானே அப்படி ஆகும் என்று அத்தை சொன்னாள், எனக்கு ஏன் என்று குழம்பிப்போனேன்.

மறுநாள் காலையில் மோர்க்காரிதான் கண்டாள். கல்தொட்டி ஓரமாக ஓர் ஆள் செத்துக் கிடக்கிறான், தாடியும் சடையுமாக, மேலெல்லாம் புண், எலும்பை எண்ணிவிடலாம். காவலுக்கு இருந்த தலையாரி வந்து பார்த்துவிட்டு, சாரலுக்கு வந்த பரதேசி என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் வாந்திபேதி பயம் வேறு. பொழுது ஏறுவதற்குள் மடத்துக்குப் பின்னாலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். பெண்பிள்ளைகளை யாரும் பார்க்க விடவில்லை.

சாயங்காலம் அப்பாவும் அத்தையும் விபூதிப் பிரசாதத்தோடு வந்து இறங்கினார்கள். பின்னாலேயே மோர்க்காரி வந்தாள். மடியிலிருந்து ஒரு குவளையை எடுத்து வைத்தாள். வெள்ளை எனாமல், நீல விளிம்பு, ஒரு பக்கம் பூச்சு உதிர்ந்திருந்தது.

"நேத்து நான் ஊத்துன மோர இதுலதான் மோந்து குடிச்சிருக்காரு. பட்டாளத்துக் கொவள மாரி இருக்கு. அதான் கொண்டாந்தேன், அண்ணாச்சி," என்றாள்.

அப்பா அதைத் தொடவில்லை. "இந்த மாரி கொவள தென்காசிச் சந்தையில குமிஞ்சு கெடக்கு," என்றார். அப்புறம் அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, கொஞ்சம் பாரு. இது அவன் கொவளையா?" என்று கேட்டார்.

சித்தி வெளியே வந்து குவளையைக் கையில் எடுத்தாள். கைப்பிடியில் நூல் இருந்தது. சேறேறிக் கறுத்து, அரைவாசி அறுந்து, என்ன நிறம் என்றே தெரியாத நூல். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல அத்தான். அவுகளுது இல்ல."

அத்தை 'முருகா' என்று கைகளை மேலே தூக்கினாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊர் மணியக்காரர் என்ற முறையில் குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தார். அன்றைக்கு நான் அதை அப்பாவின் நம்பிக்கை என்று நினைத்தேன். அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். வளர்த்த பிள்ளையின் குவளை அவளுக்குத் தெரியாதா? ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சித்தி கிணற்றடியில் குவளையைக் கழுவினாள். நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற நூலிலிருந்து சேறு கரைந்து போயிற்று. சிவப்பு தெரிந்தது. சித்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடி மூட்டில் ஊற்றிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஆவணியில் சென்னையிலிருந்து ஒருவர் கல்லெழுத்துப் படியெடுக்க வந்தார். மடத்துத் தூணில் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, கறுப்பு மையை ஒற்றி எடுப்பார். எழுத்தெல்லாம் வெள்ளையாகக் காகிதத்தில் எழும்பி வரும். அவருக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்ப வேண்டும் என்று அப்பா சொன்னார். உச்சிக்கு இடிமடத்துக்குப் போக வேலைக்காரர்களே மறுத்தார்கள். "நான் கொண்டு போறேன்," என்று சித்தி தூக்குச்சட்டியை எடுத்தாள். நானும் கூடப் போனேன்.

அவர் நல்ல மனுஷர். கண்டுபிடித்த சந்தோஷத்தில், கேட்காமலேயே எங்களுக்கு வாசித்துக் காட்டினார். யாரோ ஒரு புண்ணியவான் இந்த மடத்துக்கு நிலம் எழுதி வைத்திருக்கிறான். ஒரே ஒரு நிபந்தனை. உச்சிக்குக் கதவு சாத்துமுன் மடத்துக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, பசித்தவர் உண்டா என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது குரலுக்கும் யாரும் வராவிட்டால்தான் உள்ளே இருக்கிறவர்கள் இலையில் உட்காரலாம்.

அயலாரிடம் வாய் திறக்காத சித்தி அன்றைக்குக் கேட்டாள்: "மூணு தரம் கூப்புடணும்னு சொல்லியிருக்கது உள்ள இருக்கவங்களுக்கா? வெளிய நிக்கவங்களுக்கு இல்லையா?"

"உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அம்மா. பசியோடு நிற்கிறவன் எதற்குக் கூப்பிட வேண்டும்? அவன் நின்றாலே போதுமே," என்றார்.

சித்தி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று அவர் தண்ணீர் தெளித்தார். எனக்கு அப்போது முழுதும் புரியவில்லை. இப்போது நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. கல்லில் வெட்டி வைத்திருந்ததை ஒருத்தரும் வாசிக்காமல், சோறு போடாதவர்களின் பாவத்தை விட்டுவிட்டு, பசியோடு நின்றவனைப் பேயாக்கினோம். இரண்டு தரம் கூப்பிட்டவனுக்கு மூன்றாவது தரம் கூப்பிட உயிர் இல்லை என்று கதையே சொல்லிற்று. அத்தனை தலைமுறையாக அதைக் கேட்டுவிட்டுக் கதவைத்தான் சாத்தினோம்.

மறுநாள் உச்சிக்குச் சித்தி புறவாசல் கதவை அகலத் திறந்தாள். படியில் இறங்கி நின்று, மடத்தைப் பார்த்து, "சாப்புட வாங்க," என்று கூப்பிட்டாள். மூன்று தரம். அப்புறம்தான் உள்ளே வந்து இலை போட்டாள். அத்தையின் கையிலிருந்த செம்பு விழுந்துவிட்டது.

மடத்துப் பேய் பிடித்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. வேப்பிலை அடித்தார்கள். குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் ஒன்பது நாள் அருவியில் தலையைக் கொடுக்க வைத்தார்கள். அத்தை ஒரு பக்கம், வேலைக்காரி ஒரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள். அருவி விழுகிற இரைச்சலில் சித்தியின் வாய் அசைவது மட்டும் தெரியும். பத்தாம் நாள் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தவள், உச்சி ஆனதும் கதவைத் திறந்து மூன்று தரம் கூப்பிட்டாள். அதற்கப்புறம் யாரும் தடுக்கவில்லை. நாளடைவில் சாரலுக்கு வருகிற பரதேசிகள் குரலுக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். அந்தக் குவளையில்தான் அவர்களுக்கு மோர்.

அந்தக் குரல் அவள் காதில் விழுந்ததா என்று நான் கேட்டதில்லை. அம்மி நின்றது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "ஏட்டி, ஒன் மாப்பிள்ள எப்பக் கூப்புட்டாலும், மொதக் கொரலுக்கே ஏன்னு கேளு," என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றி நாங்கள் பேசியது. சித்தி எழுபது வயதுக்கு மேல் இருந்து, பொட்டோடும் தாலியோடும் போனாள். சுமங்கலி என்று பெண்கள் காலில் விழுந்து கும்பிட்டார்கள்.

போன ஆடியில் மகளோடு காரில் போயிருந்தேன். வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. மடத்தைச் சுற்றிக் கம்பி வேலி. எதிரே ஒரு டீக்கடை. வேலிப் பக்கம் நான் நடப்பதைப் பார்த்து டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"ஆச்சி, உச்சி நேரம், அங்கன போவாதீங்க. ஒரு பொம்பள கூப்புடுவா. மூணு தரம் கூப்புடுவா. ஏன்னு கேட்டுட்டா கூட்டிட்டுப் போயிருவா."

"என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?"

"சாப்புட வாங்கன்னுதான்."

"சாப்பிடக் கூப்பிடுகிறவளுக்கா பயப்படுகிறீர்கள்?"

அவர் திரும்பிக் கடைக்குப் போனார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாரல் முகத்தில் விழுந்தது. தொட்டி அப்படியே இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு குரலும் வரவில்லை. சித்தியின் குரலும் இல்லை, அந்த இழுப்பும் இல்லை. அழுகை வந்துவிட்டது. அப்புறம் நானே கூப்பிட்டேன்.

"சித்தப்பா, சாப்புட வாங்க."

மூன்று தரம். தொண்டை வலிக்க, ஒன்பது வயதில் பிடித்து வைத்திருந்த சத்தத்தையும் சேர்த்து.

திரும்பி வந்தபோது டீக்கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளே இருட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சி," என்றார் மெதுவாக, "இப்பக் கூப்புட்டது நீங்களா?"

நான்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.